வால்வின் மூலையில் தேங்கும் இரத்தம்: அந்தப் படத்தை நோயாளிக்கும் காட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பத்திரிகையின் உட்பக்கத்தில், செயற்கை இதய வால்வுக்குள்ளால் இரத்தம் எப்படி ஓடும் என்பதை வெளிநாடுகளில் கணினியிலேயே கணித்துப் பார்க்கிறார்கள், இனி வால்வுகளைச் சோதிக்கக் கணினியே போதும் என்ற மாதிரி ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. எட்டு வரிதான் இருக்கும். அதை வெட்டி எடுத்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டு விசயம். செய்தி போட்டதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது, அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. அந்தக் கணிப்பு என்ன காட்டுகிறது என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. நெஞ்சுக்குள் இயந்திர வால்வோடு யாழ்ப்பாணத்தில் திரிகிற ஆக்களுக்குத் தேவையானது அதுதான்.

என் தங்கச்சிக்குப் பதினொரு வயதில் மூட்டுக்கள் வீங்கிக் காய்ச்சல் வந்தது. வாதக்காய்ச்சல் என்றார்கள். தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியோடு சண்டை பிடிக்கப் போன உடம்பு, கடைசியில் தன் இதய வால்வையே தாக்கிவிடுகிற வருத்தம் அது. மாதத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் திரும்ப வராமல் காக்கலாம். 1995 ஒக்டோபர் வரை ஒழுங்காகத்தான் போட்டோம். ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நாங்களும் நடந்தோம். ஊசி தவறியது, காய்ச்சல் திரும்பியது, வால்வு தடித்துச் சுருங்கிப்போனது. 2004இல், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், பஸ்ஸில் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் நடுவில் இருக்கும் இருகூர் வால்வை எடுத்துவிட்டு இயந்திர வால்வு வைத்தோம்.

அன்று தொடக்கம் அவளின் நெஞ்சுக்குள் ஒரு மணிக்கூட்டுச் சத்தம். இரவில், மின்சாரம் நின்று காற்றாடியும் ஓயும் நேரத்தில், பக்கத்து அறையில் படுத்திருக்கும் எனக்கே கேட்கும். அவளின் மகள் குழந்தையாக இருந்த காலத்தில் அந்தச் சத்தத்தில் காது வைத்துத்தான் நித்திரை கொள்வாள். நிமிடத்துக்கு 72 என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல், வருடத்துக்கு 3 கோடியே 78 லட்சம். இந்த 20 வருடத்தில் அவளின் வால்வு 75 கோடித் தடவை திறந்து மூடியிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குக் கடைவாய்ப்பல் ஒன்று பிடுங்க வேண்டி வந்தது. போன இடத்தில், நீங்கள் போடுகிற வார்ஃபரின் குளிசையை நிப்பாட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். வால்வில் இரத்தம் கட்டிபிடிக்காமல் இருக்கப் போடும் குளிசை அது. நிப்பாட்டினாள். எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. புண் ஆறும் வரைக்கும் போடக்கூடாதாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டு கிழமை போனது. ஒருநாள் இரவு மகள் வந்து, "அம்மா, உங்கட மணிக்கூட்டுச் சத்தம் கேக்கேல்லை" என்றாள். அடுத்த நாள் விடிய அவளால் முற்றத்தைக்கூடக் கூட்ட முடியவில்லை, மூச்சு வாங்கியது. கொண்டு ஓடினோம். எக்கோ என்ற ஒலியலைப் படத்தில் பார்த்தால் வால்வின் இரண்டு இதழில் ஒன்று அசையாமல் நிற்கிறது, இதழ் பொருந்தித் திரும்பும் பிணைச்சலில் இரத்தக்கட்டி. கட்டியைக் கரைக்கும் மருந்தை நாளத்துக்குள்ளால் ஏற்றி, ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்த பிறகுதான் அந்த இதழ் அசைந்தது, சத்தமும் திரும்ப வந்தது. காப்பாற்றித் தந்த டொக்டர்மாரையும் தாதிமாரையும் நாங்கள் மறக்க மாட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னிடம் கேட்டாள். "அண்ணா, நீங்கள் இத்தனை வருசம் கணக்குப் படிப்பிச்சனீங்கள். எல்லாருக்கும் ஓடித் திரியிற ரத்தம் எனக்கு மட்டும் ஏன் அந்த இடத்தில உறைஞ்சது?" முப்பது வருடம் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பித்தவன் நான். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் போய்த்தான் இந்தக் கணினிக் கணிப்பு என்கிற உலகத்துக்குள் நான் வந்து சேர்ந்தேன். அதனால் உங்கள் எட்டு வரியில் விடுபட்டதை எனக்கு விளங்கிய அளவுக்கு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுக்குள் இறக்கும் பைப்பின் அடியில் புட்வால்வு இருக்கும். மேலே ஏறின தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்குள் விழவிடாது. இதய வால்வின் வேலையும் அதேதான், ஒரு பக்கம் மட்டும் விடுவது. புட்வால்வில் வொசர் தேய்ந்தால் தண்ணீர் இறங்கிவிடும், நாங்கள் கழற்றி மாற்றிவிடுவோம். நெஞ்சுக்குள் அப்படிக் கழற்ற முடியாது. போதாததற்கு, அங்கே ஓடுவது தண்ணீர் அல்ல, தன் குணத்துக்கு ஒவ்வாத இடத்தைத் தொட்டால் உறைவதற்கென்றே ஆயத்தமாக இருக்கும் திரவம்.

முதலில் வந்த வால்வுகள் கூட்டுக்குள் பந்து வைத்தவை. 1960இல் ஸ்டார் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் எட்வர்ட்ஸ் என்ற பொறியியலாளரும் சேர்ந்து செய்தது அப்படியானது. மூடுவதில் பிழையில்லை, ஆனால் நடுவழியில் பந்து நிற்பதால் இரத்தம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பிறகு சாய்ந்து திறக்கும் தட்டு வந்தது. 1977இல் அரைவட்டமாக இரண்டு இதழ் வைத்த செயின்ட் ஜூட் வால்வு வந்தது, பைரோலிட்டிக் காபன் என்று கண்ணாடி மாதிரி வழவழப்பான கரியால் செய்தது. தங்கச்சிக்கு வைத்தது இந்த இரட்டை இதழ் வகை. எங்களுக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் வலியத்தான் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் தலைமையில் ஒரு சாய்தட்டு வால்வை உருவாக்கினார்கள். முதல் மூன்று மாதிரியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்று, நாலாவதுதான் நின்றுபிடித்து, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. பணக்கார நாட்டு விலை கொடுக்க முடியாதவர்களுக்கு அது பெரிய காரியம், நான் அந்தக் கதையை வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

சரி, இரத்தம் ஏன் அங்கே உறைகிறது? இதில் ஒரு பாதியை எங்கள் உயர்தரப் பிள்ளைகளே கணக்காகச் செய்யலாம். இருகூர் வால்வு மூடியிருக்கும் நேரத்தில் இதயவறைக்குள் அமுக்கம் 120 மில்லிமீற்றர் இரசம், சோணையறைக்குள் 10 என்று வையுங்கள். வித்தியாசம் 110, அதாவது கிட்டத்தட்ட 14,700 பாஸ்கல். இரத்தத்தின் அடர்த்தி கனமீற்றருக்கு 1060 கிலோகிராம். இனி, அமுக்க வித்தியாசம் எவ்வளவு வேகத்தைக் கொடுக்கும் என்று சொல்லும் பேர்ணூலியின் சமன்பாடு. 14,700ஐ இரண்டால் பெருக்கி 1060ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் செக்கனுக்கு 5.3 மீற்றர் வரும். உராய்வு இருப்பதால் உண்மையில் இதைவிடக் குறையும், இது மேல் எல்லை. இருந்தாலும் பாருங்கள், வால்வு மூடியிருக்கிறது என்று நாங்கள் நினைக்கும் அதே நேரத்தில், இதழ் தாங்கி நிற்கும் பிணைச்சலின் இடுக்குக்குள்ளால், ஒரு மில்லிமீற்றரில் பத்திலொன்று என்கிற மாதிரியான இடைவெளிக்குள்ளால், கே.கே.எஸ். வீதியில் பெடியன் ஒருவன் சைக்கிளை மூச்சுப்பிடித்து மிதிக்கிற வேகத்தில் இரத்தம் பின்பக்கமாகப் பீறிடப் பார்க்கிறது.

அவ்வளவு ஒடுக்கமான இடத்தில் அவ்வளவு வேகம் என்றால் உரசல் எப்படி இருக்கும்? நல்ல நாடியின் சுவரில் இரத்தம் உரசுவது ஒன்றிரண்டு பாஸ்கல் அளவில்தான். இங்கே அது நூறு மடங்குக்கு மேலும் போகலாம். இந்த உரசலுக்குள் அகப்படுகிற, காயத்தை அடைக்கும் வேலை செய்யும் குருதிச் சிறுதட்டுக்கள் ‘எங்கேயோ காயம் பட்டுவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு ஒட்டுவதற்கு ஆயத்தமாகிவிடும். ஆனால் ஆயத்தமானது எல்லாம் கட்டியாகிவிடாது. வேகமாக ஓடுகிற இரத்தம் அதுகளை அடித்துக்கொண்டு போய்விடும். எங்கேயாவது ஒரு மூலையில் ஓட்டம் தளர்ந்தால்தான் அதுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சுவரோடும் ஒட்டும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் மாறியவர்களுக்கு இது உடனே விளங்கும். மிசினிலிருந்து வருகிற தண்ணீர் வாய்க்காலில் விறுவிறென்று போகும்வரை ஒன்றும் தங்காது. மடை திரும்பும் மூலையில், நேராகப் போகும் தண்ணீர் ஒரு பக்கம் போய்விட, மற்றப் பக்கத்தில் ஒரு சுழி அதே இடத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். பனங்கூடற் சருகு, புகையிலைத் துண்டு, நுரை, எல்லாம் அங்கேதான் சேரும். தண்ணீர் போதாமல் சருகு சேருவதில்லை, மூலையின் வடிவத்தால் சேருகிறது. மண்வெட்டியால் அந்த மூலையைக் கொஞ்சம் வளைத்து இழுத்துவிட்டால் சுழி போய்விடும். வால்வு செய்கிறவர்கள் படுகிற பாடும் இந்த மூலையை வளைத்து இழுக்கிற பாடுதான், மண்வெட்டிக்குப் பதிலாக மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு.

சுழி எல்லாமே கெட்டது என்று எடுத்துவிடாதீர்கள். எங்கள் சொந்தப் பெருநாடி வால்வுக்குப் பின்னால் மூன்று சின்னப் பைகள் இருக்கின்றன. அதற்குள் இரத்தம் சுழன்றுதான் வால்வு மெதுவாக மூடத் துணை செய்கிறது. 1513ஆம் ஆண்டளவில் லியனார்டோ டா வின்சி இதைக் கண்டு வரைந்து வைத்திருக்கிறார். கண்ணாடியில் ஒரு பெருநாடி செய்து, தண்ணீருக்குள் புல் விதையைப் போட்டு ஓட்டத்தைப் பார்க்கும் யோசனையும் அவரின் குறிப்பில் இருக்கிறது. அந்தச் சுழி ஒவ்வொரு துடிப்பிலும் பிறந்து, ஒவ்வொரு துடிப்பிலும் கழுவுப்பட்டுப் போகும். போகாமல் தங்குகிற சுழிதான் ஆபத்து.

இதற்கு ஒரு கசப்பான பாடம் 1990களில் கிடைத்தது. மெட்ரோனிக் பரலல் என்று ஓர் இரட்டை இதழ் வால்வு. ஆய்வுகூடச் சோதனைகளை எல்லாம் தாண்டி நோயாளிகளுக்கு வைத்துப் பரிசோதிக்கும் கட்டம் வரை வந்தது. அங்கேதான் எதிர்பாராத அளவுக்கு இரத்தக்கட்டி வரத் தொடங்கி, பரிசோதனையை நிறுத்தினார்கள். ஏன் என்று தேடியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக்கில் இருந்த பேராசிரியர் அஜித் யோகநாதனும் அவரின் குழுவும். வால்வின் உடலை ஒளி ஊடுருவும் பொருளில் செய்து, லேசர் ஒளியைப் பிணைச்சல் குழிக்குள் விட்டு வேகத்தை அளந்தார்கள். குழியின் கூரான மூலைகளில் ஓட்டம் பிரிந்து, சுழன்று, தங்குவது தெரிந்தது. மற்ற வால்வுகளில் அதே குழி வழவழப்பாக வளைந்திருந்ததால் பின்னோக்கிய கசிவு அதைக் கழுவிவிட்டது. அந்தக் கசிவு தெரிந்தே விடப்பட்டது, பிணைச்சலைக் கழுவத்தான்! என் தங்கச்சியின் கேள்விக்கு விடை ஒரு குழியின் மூலையில் இருந்தது என்று வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இப்போது கணினிக்கு வருகிறேன். லேசர் எல்லா மூலைக்குள்ளும் போகாது, கணக்குப் போகும். ஒரு திரவத் துளிக்கு நியூற்றனின் இரண்டாம் விதியை எழுதினால் வருவதுதான் நேவியர், ஸ்டோக்ஸ் என்ற இருவரின் பெயரால் சொல்லப்படும் சமன்பாடு. நேவியர் எழுதியது 1822இல், ஸ்டோக்ஸ் எழுதியது 1845இல். எழுதுவது சுகம், தீர்ப்பதுதான் கஷ்டம். அதனால் வால்வையும் அதைச் சுற்றிய இடத்தையும் சி.ரி. ஸ்கானில் இருந்தோ வரைபடத்தில் இருந்தோ எடுத்து, அதற்குள் இருக்கும் இரத்தத்தைக் கோடிக்கணக்கான சின்னப் பெட்டிகளாக வெட்டி, ஒரு துடிப்பின் 0.8 செக்கனையும் பல்லாயிரம் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு துண்டு நேரத்துக்கும் வேகம் எவ்வளவு, அமுக்கம் எவ்வளவு என்று கணினியைக் கொண்டு கணிக்கிறார்கள்.

இதில் பெரிய சிக்கல், இதழ் தானாக ஆடுவதில்லை. இரத்தம் தள்ளித்தான் இதழ் அசைகிறது, இதழ் அசைந்ததால் இரத்தத்தின் பாதை மாறுகிறது, பாதை மாறியதால் தள்ளும் விசையும் மாறுகிறது. இரண்டையும் ஒன்றாகத் தீர்க்க வேண்டும். 1972இல் சார்ள்ஸ் பெஸ்கின் என்ற கணிதவியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். பெட்டி வலையை இதழுக்கு ஏற்றபடி ஒவ்வொரு முறையும் வளைக்காமல், வலையை அப்படியே நிற்கவிட்டு, இதழ் இருக்கும் இடத்தில் அது இரத்தத்தின்மேல் போடும் விசையை மட்டும் சமன்பாட்டுக்குள் சேர்த்தார். இதய வால்வுக்காகவே பிறந்த அந்த முறையை இன்று மீன் நீந்துவதற்கும் பூச்சி பறப்பதற்கும்கூடப் பயன்படுத்துகிறார்கள். கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை.

ஓட்டத்தைக் கணித்த பிறகு அதற்குள் ஆயிரக்கணக்கான கற்பனைச் சிறுதட்டுக்களை விடுவார்கள். ஒவ்வொன்றும் போகிற பாதையில் எவ்வளவு உரசல் பட்டது, எவ்வளவு நேரம் பட்டது என்று கூட்டிக்கொண்டே வருவார்கள். நிறைய உரசல் பட்டவை எங்கே போய்த் தங்குகின்றன என்று பார்த்தால், கட்டி பிடிக்கக்கூடிய இடம் படத்தில் தெரியும். வேகமான இடம் சிவப்பு, மெதுவான இடம் நீலம் என்று நிறம் போட்டுக் காட்டுவார்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு விடுமுறைக்கு வந்தபோது, ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளில் இதைச் சின்னதாகச் செய்து காட்டினான். அந்த மென்பொருள் இலவசம். எல்லோரும் எடுக்கக்கூடியதாக வெளிவிட்டதும் தங்கச்சிக்கு வால்வு வைத்த அதே 2004இல்தான். அவன் செய்தது தட்டையான படம், இதழ் அசையாமல் நின்றது, மடிக்கணினி இரவிரவாக ஓடியது. பிணைச்சல் குழியை அப்படி எல்லாம் கணிக்க முடியாது, அதற்குப் பெரிய கணினிகள் வேண்டும், அதனால் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட பிணைச்சல் படங்களையும் பக்கத்தில் திறந்து வைத்தான். தங்கச்சி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு விரலை வைத்து, "அப்ப இந்த நீலத்துக்குள்ளதான் எனக்குக் கட்டி வந்தது, குளிசை இந்த நீலத்துக்குத்தான்" என்றாள்.

ஆசிரியர் அவர்களே, நான் இந்தக் கடிதம் எழுதுவதே அந்த ஒரு வசனத்துக்காகத்தான். 17 வருடம் குளிசை போட்டவளுக்கு அது எதற்கென்று அன்றுதான் விளங்கியது. அதற்கு முதல் அவளுக்குத் தெரிந்தது ‘இரத்தத்தைத் தண்ணியாக்கிற குளிசை’ என்பது மட்டும். வார்ஃபரின் இரத்தத்தைத் தண்ணியாக்குவதே இல்லை. உறைவதற்கு வேண்டிய சில புரதங்களை ஈரல் செய்யும்போது விற்றமின் கே தேவை, அந்த வேலையை இது தடுக்கிறது, அவ்வளவுதான். தண்ணியாக்கிற குளிசை என்று சொன்னால் பல்லுப் பிடுங்கினவள் பயந்து நிப்பாட்டத்தான் செய்வாள், நீல மூலையைக் கண்டவள் நிப்பாட்ட மாட்டாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் ஒரு நேரம்கூடத் தவறவிடவில்லை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனைக்கும் தானாகவே போகிறாள். சாதாரண ஆளுக்கு அது 1 அளவில் இருக்கும், அவளுக்கு டொக்டர் வைத்த எல்லை 2.5 தொடக்கம் 3.5. ஏன் பெருநாடி வால்வு வைத்தவருக்கு அதைவிடக் குறைவாக வைக்கிறார்கள் என்று ஒருநாள் என்னைக் கேட்டு, பிறகு தானே பதிலும் சொன்னாள். சோணையறையில் இருந்து வரும் ஓட்டம் மெதுவானது, அமுக்கம் குறைந்தது, அங்கே நீலம் கூட. அவள் சொன்னது சரி.

கீரை பற்றியும் எழுத வேண்டும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாவற்றிலும் விற்றமின் கே இருப்பதால் வால்வு வைத்த ஆக்கள் பலர் கீரையை அடியோடு விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை, ஒரு கிழமை நிறைய, அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் கரைச்சல். ஒரே அளவாகச் சாப்பிட்டால் டொக்டர் அதற்கேற்றபடி குளிசையைச் சரிபண்ணுவார். அதோடு, கனடாவில் இருந்தோ சுவிஸில் இருந்தோ சொந்தக்காரர் ‘இரத்தச் சோதனை தேவையில்லாத புதுக்குளிசை’ என்று அனுப்பினால், தயவுசெய்து கிளினிக்கில் காட்டாமல் மாறிவிட வேண்டாம். டபிகற்றான் என்ற புதிய மருந்தை இயந்திர வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றை, கட்டியும் கூடி இரத்தக்கசிவும் கூடியதால், 2012இல் இடையிலேயே நிறுத்தினார்கள். வேறு வருத்தங்களுக்கு நல்ல மருந்து, இந்தப் பிணைச்சல் மூலைக்கு அது சரிவரவில்லை.

இனி நீங்கள் போட்ட செய்தியில் இருந்த பிழை. கணினியே போதும் என்பது சரியில்லை. கணிப்பில் இரத்தத்தைப் பெரும்பாலும் தண்ணீரைவிட மூன்று நாலு மடங்கு பாகுத்தன்மை உள்ள ஒரே சீரான திரவமாக எடுப்பார்கள். வேகமாக ஓடும் இடத்தில் அது ஓரளவுக்குச் சரி. மெதுவாகும் இடத்தில் செங்குழியங்கள் ஒன்றோடொன்று அடுக்கி ஒட்டி, இரத்தம் தடித்துவிடும். அதாவது எந்த மூலையை நாங்கள் நம்பகமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறோமோ அங்கேதான் இந்த எளிய எடுகோள் பலவீனமாக இருக்கிறது. அதைச் சரிப்படுத்தினாலும், உறைதலின் இரசாயனம் தனி, ஆளுக்கு ஆள் மாறும். உலோகம் உடைவது இன்னொன்று. சாய்தட்டு வால்வொன்றில், பியோர்க் ஷைலி என்று, தட்டைத் தாங்கிய கம்பியின் ஒட்டு வெடித்து நூற்றுக்கணக்கானோருக்கு வால்வு உடைந்து, ஒரு மாதிரியையே 1986இல் சந்தையில் இருந்து எடுத்தார்கள். ஓட்டத்தை எவ்வளவு வடிவாகக் கணித்தாலும் ஒட்டு வெடிப்பது அதில் தெரியாது.

அதனால்தான் இன்றைக்கும் இயந்திர வால்வை 40 கோடித் தடவை திறந்து மூடிப் பார்க்கும் இயந்திரத்தில் போட வேண்டும் என்று சர்வதேசத் தரம் சொல்கிறது. செம்மறி ஆட்டில் வைத்துப் பார்க்கிறார்கள், பிறகு மனிதரில் பார்க்கிறார்கள். கணிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கே 2018இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் ஒரு தரம் வெளியிட்டது. 2023இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமும் வழிகாட்டல் வெளியிட்டது. ஒரு கணிப்பை வைத்து எடுக்கும் முடிவு பிழைத்தால் நோயாளிக்கு எவ்வளவு கேடு வருமோ, அந்த அளவுக்கு அந்தக் கணிப்பை உண்மையான அளவீட்டோடு ஒப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை அது. எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று கணினி காட்டும், நூறு வடிவத்தில் தொண்ணூறைக் கடதாசியிலேயே தள்ளிவிட உதவும். பார்க்கிற வேலை மிச்சம் இருக்கும்.

இனி நான் கேட்பது.

கிளினிக்குகளில் விடிய ஆறு மணிக்கே நம்பர் எடுத்துவிட்டு மத்தியானம் வரை இருக்கிறார்கள். சில இடங்களில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அதில் மூன்று நிமிடம், இந்த நீல மூலையைக் காட்டித் தமிழில் ஒருவர் விளங்கப்படுத்தினால் போதும். ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட அசையும் படங்கள் இருக்கின்றன, அனுமதி கேட்டு எடுக்கலாம். அதோடு வால்வு வைத்த ஒவ்வொருவரின் கொப்பியிலும் இரண்டு வரி: பல்லுப் பிடுங்கவோ வேறு சத்திரசிகிச்சைக்கோ குளிசையை நிப்பாட்டச் சொன்னால் இதய கிளினிக்கைக் கேட்காமல் நிப்பாட்ட வேண்டாம், திரும்பத் தொடங்கும் திகதியை எழுதி வாங்கவும். மணிக்கூட்டுச் சத்தம் மங்கினாலோ மறைந்தாலோ விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே போகவும். இதைத் தங்கச்சிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, ஒரு சின்னப் பிள்ளையின் காதுதான் அவளைக் காப்பாற்றியது.

தமிழில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மானிப்பாயில் 1860களிலேயே டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, பாடநூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அந்த ஊருக்கு நாலு கட்டை தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு குளிசையின் வேலையைத் தமிழில் விளங்கப்படுத்த எங்களுக்கு ஏன் முடியாது?

பல்கலைக்கழகத்தவர்களிடமும் ஒன்று. மருத்துவ பீடமும் கணிதத் துறையும் யாழ்ப்பாணத்தில், பொறியியல் பீடம் கிளிநொச்சியில். நடுவில் இருப்பது ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பஸ் பயணம். இறுதி வருட மாணவர் மூவர், மூன்று இடத்தில் இருந்தும் ஆளுக்கொருவர் சேர்ந்து, ஒரு வால்வின் ஓட்டத்தைக் கணித்து அதைத் தமிழில் ஒரு நோயாளிக்கு விளங்கப்படுத்துவதையும் செயற்றிட்டத்தின் ஒரு பகுதியாக வைக்கலாம். மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. நோயாளி வேண்டுமென்றால் என் தங்கச்சி வருவாள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பது ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம். வால்வின் படம் ஒன்று, நீல மூலையின் படம் ஒன்று, அந்த இரண்டு வரி, கீரைக் கணக்கு. வெட்டியெடுத்து கிளினிக் கொப்பிக்குள் ஒட்டக்கூடிய அளவில் போடுங்கள். நான் எழுதித் தருகிறேன். மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு போடுங்கள். அதற்கு முன் தங்கச்சிதான் வாசிப்பாள், அவளுக்கு விளங்காத வரியை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இணைந்த கணித ஆசிரியர்,
கோண்டாவில்.